சொந்த ரத்தத்தைப் பார்க்கக் கூடாது

என் அண்ணிக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே சொல்வேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ரத்தம் பார்ப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. கழுவி வைத்த டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றால், நன்றாயிருக்கிறது என்று வாயில் வருவதற்குள் தையல் விட்ட இடம் அவள் கண்ணில் பட்டுவிடும். அண்ணன் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் கொஞ்சமாவது முறைத்துக்கொண்டு திரிய வேண்டாமா? என் பங்குக்கு நானும் முறைத்தேன். அவள் கவனிக்கவே இல்லை. அப்புறம் எனக்கே அலுத்துப் போய்விட்டது.

நான் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். கத்தரிக்கோலும் வாயும் சேர்ந்தே ஓட வேண்டிய தொழில். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். தலைவலி என்று அவன் படுத்து நான் பார்த்ததில்லை. நானும் அண்ணியும் மாற்றி மாற்றித் தும்மிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் இரண்டு பேரும் பஞ்சில் செய்த ஆட்கள் என்று கிண்டல் செய்துவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவனுடைய உடம்பின் மேல் அவனுக்கு அவ்வளவு திமிர். எங்களுக்கும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அண்ணியின் லேப் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போதும் சோப்பு நாற்றமும் ஸ்பிரிட் நாற்றமும் கலந்து அடிக்கும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு மெஷின் உண்டு. மெஷினுக்கு எதிலாவது சந்தேகம் வந்தால் ஒரு குறி போட்டுத் துப்பும். அப்போது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் மெலிதாக இழுத்து, சாயம் ஊற்றிக் காயவைத்து, மனிதக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அங்கே இரண்டே பேர். ஒன்று அண்ணி. இன்னொருவர் ஐம்பது வயதுக்காரர். அவர் டீயை ஆற்றுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும், அதனால் அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்க நிதானம் என்று பெயர்.

அந்த லேபில் எங்கேயும் எழுதி ஒட்டாத ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டு ஆளின் ரத்தத்தைப் பார்க்கக் கூடாது. நிதானத்தின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அண்ணி பார்ப்பாள். எனக்கு ஒருமுறை மஞ்சள் காமாலை வந்தபோது என் டியூபை நிதானத்தின் கையில் கொடுத்துவிட்டு அண்ணி வெளியே வந்து நின்றுகொண்டாள். எதற்கு இந்த நாடகம், நீங்களே ஒரு பார்வை பார்த்துவிட்டால் என்ன என்று கேட்டேன். வேண்டியவர்களுடைய ரத்தம் என்றால் கண் பார்ப்பதை மனசு திருத்திவிடும் என்றாள். நான் சிரித்தேன். கண்ணாடிக்கு அடியில் இருப்பதை மனசு எப்படித் திருத்தும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் வந்த காய்ச்சல் முதலில் சாதாரண ஜலதோஷம் மாதிரிதான் வந்தது. மூக்கு, தொண்டை, உடம்புவலி. முக்கால்வாசிப் பேர் படுத்து எழுந்துவிட்டார்கள். சிலருக்கு மட்டும் நெஞ்சுக்குள் இறங்கியது. என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். யாருக்கு இறங்கும், யாருக்கு இறங்காது என்று எப்படித் தெரியும் என்று அண்ணியைக் குடைந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். ரத்தத்தில் வெள்ளையணு பல வகை. அதில் ஒன்று சின்னதாக, உருண்டையாக, நீலமாக இருக்கும். லிம்போசைட் என்று பெயர். வைரஸைத் தேடிப் போய் மடக்குவது அதுதான். இந்தக் காய்ச்சல் முற்றுகிறவர்களிடம் அந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போகின்றன. வைரஸ் நேராகக் கொன்றுதான் சாக வேண்டும் என்றில்லை, உடம்புக்குள் நடக்கிற அமளியில் தாமாகவே சுருங்கி உள்ளுக்குள் உடைந்துவிடுகின்றன. ஸ்லைடில் பார்த்தால் நீல உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக இறுகின பொட்டுகள்தான் இருக்குமாம். மிச்சம் இருப்பது எவ்வளவு குறைவோ, நோய் அவ்வளவு கடுமையாக இருப்பதைத்தான் அவள் பார்க்கிறாளாம்.

"அப்போ ஆளப் பாக்காமலே, பொழைப்பாரா மாட்டாரான்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லவெல்லாம் முடியாது. பயப்படலாம், அவ்வளவுதான்," என்றாள்.

அதற்கு அடுத்த வாரமே அண்ணன் படுத்தான். படுத்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. காய்ச்சலோடு வேலைக்குப் போனான், வந்தான், சாப்பாட்டைத் தள்ளிவைத்தான், இருமினான். டாக்டரிடம் போகச் சொல்லி நான் கரடியாகக் கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி கத்தவில்லை. காலையில் அவன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது கையைப் பிடித்து, முழங்கை மடிப்பில் ரப்பரைக் கட்டி ஒரு டியூப் ரத்தம் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பொண்டாட்டி என்று நினைத்தால் கொசுவாக இருக்கிறாள் என்று அண்ணன் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் நிற்கவில்லை.

லேபுக்குப் போய் நிதானத்திடம் கொடுப்பதாகத்தான் திட்டம். போய்ப் பார்த்தால் நிதானத்துக்கும் அதே காய்ச்சல், ஆள் லீவு. வாசலில் டியூபுகள் வரிசை கட்டி நின்றன. இவள் ஒருத்தி. அன்றைக்கு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணனின் டியூப் கைப்பைக்குள், கைப்பை ஜன்னலோரத்தில், ஜன்னலில் வெயில். கிளம்பும் நேரத்தில்தான் ஞாபகம் வந்திருக்கிறது. வழக்கத்தை மீறி அவளே ஒரு ஸ்லைடு போட்டுக் கண்ணை வைத்தாள்.

நீல உருண்டைகள் தேடித் தேடித்தான் கிடைத்தன. கிடைத்ததிலும் பாதி, கறுப்பாக இறுகின பொட்டுகள்.

இதிலிருந்து நடந்ததைத்தான் நான் இன்றுவரை பலருக்குச் சொல்லியும் விளங்கவைக்க முடியவில்லை. என் மாதிரி ஒன்றும் தெரியாத மூதேவி அதைப் பார்த்திருந்தால், அலறியடித்து அன்றைக்கே அண்ணனை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அண்ணிக்கு அதிகம் தெரியும், அதுதான் வினை. ரத்தத்தை எடுத்து வெப்பத்தில் நேரம் போக வைத்திருந்தால் டியூபுக்குள்ளேயே அணுக்கள் சாகும். அதுவும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். லேப்காரர்கள் அதைப் பழைய ரத்தம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டுப் புது ரத்தம் கேட்பார்கள். வேறு யாருடைய டியூபாக இருந்தாலும் அண்ணியும் புது ரத்தம் கேட்டு, வரும்வரை ஓயாமல் போன் போட்டு வார்டை உலுக்கியிருப்பாள். இது புருஷனுடையது. பை சூட்டில் வெந்த ரத்தம், வேறொன்றும் இல்லை என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் புது ரத்தம் எடுக்க ஊசியோடு நின்றாள். அண்ணன் சவரம் செய்து, தலை சீவி, பளிச்சென்று இருந்தான். காய்ச்சலும் இறங்கியிருந்தது. இன்னொரு குத்து வேண்டவே வேண்டாம் என்றான். மற்ற விஷயத்தில் விடாக்கண்டியாக நிற்கிறவள், அன்றைக்கு ஊசியை உறைக்குள் போட்டுவிட்டாள். அவள் முகத்தில் ஏதோ சுமை இறங்கினது எனக்குக்கூடத் தெரிந்தது. பார்த்தீர்களா, ஆள் தேறிவிட்டான் என்று நானும் என் பங்குக்கு ஊதிவிட்டேன்.

அன்றைக்குப் பிற்பகல் என் கடைக்கு போன் வந்தது. அண்ணன் வேலை பார்க்கும் ஒரு கட்டடத்தின் காவலாளி பேசினார். லிஃப்ட் நின்றுபோனதால் படியேறிப் போன மெக்கானிக் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார், பேச முடியவில்லை, உதடு நீலமாக இருக்கிறது என்றார். பாதி வெட்டிய தலையோடு ஒரு அம்மாளை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடினேன். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, எனக்குக் கால் மட்டும் ஓடியது. அவனைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். முகமூடி மாட்டி ஆக்சிஜன் விட்டபோது என் விரலைப் பிடித்திருந்தான். பிடியில் பலமே இல்லை. அந்தக் கைக்கு அவ்வளவு லேசாகப் பிடிக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி நின்றிருந்தாள். அழவில்லை. ஸ்ட்ரெச்சர் அவளைத் தாண்டிப் போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் நேத்தே பாத்தேன்," என்றாள். அப்போதுதான் மேலே சொன்னது அத்தனையும் எனக்குத் தெரியவந்தது. அவளைத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. என் அண்ணன்டி அவன் என்று கத்தியிருப்பேன். அவள் கண்ணைப் பார்த்தேன். நான் திட்டி அதில் சேர்ப்பதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

வார்டுக்குள் யாரையும் விடவில்லை. சொந்தக்காரர்களுக்கென்று கீழ்த்தளத்தில், லேப் கதவுக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே குடியிருந்தேன். என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். ரொட்டிக்கடைக்காரர். அவரும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கடை. அப்பா அம்மா போனபிறகு தம்பியை வளர்த்ததே அவர்தான். இப்போது அந்தத் தம்பி என் அண்ணனுக்கு அடுத்த கட்டிலில். அவன் பிசைந்து அடுப்பில் வைத்துவிட்டு வந்த கடைசி மாவுதான் இது என்று ஒரு பன்னைப் பிய்த்து எனக்கும் பாதி கொடுத்தார். அது கல்லாகக் காய்ந்திருந்தது. இரண்டு பேரும் மென்றோம். தம்பியின் குறட்டையைப் பற்றி அவர் சொன்னார், அண்ணனின் திமிரைப் பற்றி நான் சொன்னேன். சிரிக்கவும் செய்தோம். யாராவது வெள்ளை உடுப்பு அந்தப் பக்கம் வந்தால் இரண்டு பேர் சிரிப்பும் ஒரே நேரத்தில் நின்றுவிடும்.

அண்ணி லீவு போடவில்லை. போட முடியாது. வார்டு நிரம்பி வழிந்தது, பார்க்க வேறு கண் இல்லை. நிதானம் காய்ச்சல் விட்டு வந்துவிட்டார், ஆனால் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாலே தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் ஒரு வழி சொன்னார். மெஷினில் ஓட்டுவது, ஸ்லைடு போடுவது, சாயம் ஊற்றுவது அவர் வேலை. ஸ்லைடு மேல் பெயர் இருக்காது, வெறும் எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது அவருக்கு மட்டும் தெரியும். அண்ணி பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் பெயர். அப்படிச் செய்தால் புருஷனுடையதும் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும் என்று நினைத்தார் மனிதர்.

நினைத்ததுதான் மிச்சம். அண்ணிக்கு ஒவ்வொரு ஸ்லைடும் அண்ணனுடையதாக ஆகிவிட்டது. நன்றாக இருப்பதைப் பார்த்தால் இது அவருடையதாக இருக்கக் கூடாதா என்று தோன்றுமாம், மோசமாக இருந்தால் இதுதான், இதேதான் என்று நினைப்பு ஓடுமாம். முன்னெல்லாம் ஒரு ஸ்லைடை முடித்து அடுத்ததற்குப் போகிறவள், இப்போது ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப நகர்த்திக்கொண்டே இருந்தாளாம். காலை வேலை முடிந்ததும் நிதானம் எண்ணையும் பெயரையும் சேர்த்துச் சொல்வார். அண்ணி கதவைத் திறந்துகொண்டு பெஞ்சுக்கு வந்து, அப்படியேதான் இருக்கு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். அப்படியே என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்பேன். அப்படியே என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அடக்கிக்கொள்வேன்.

டாக்டர் ஒருநாள் எங்களிடம் நின்று பேசினார். அண்ணனுக்கு ஆக்சிஜன் போதவில்லை, குழாய் போட வேண்டி வருமா என்பது அடுத்த நாள் தெரிந்துவிடும், காலை ரத்தத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். குழாய் என்றால் தொண்டைக்குள் விட்டு மெஷின் மூச்சு கொடுப்பது. அப்படிப் போனவர்களில் யார் யார் திரும்பினார்கள் என்று பெஞ்சில் உட்கார்ந்த எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி நானும் அண்ணியும் வீட்டுக்குப் போனோம். அவள் கழுவின டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் நின்றாள்.

மறுநாள் காலை லேப் கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் முதுகு தெரிந்தது. ஸ்லைடை வைப்பாள், குனிவாள், எடுப்பாள். திடீரென்று ஒன்றில் நின்றுவிட்டாள். முதுகு அசையவில்லை. நகர்த்தினாள், மறுபடி நின்றாள். அப்புறம் கண்ணை எடுத்துவிட்டு மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று ரொட்டிக்கடை அக்கா கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளே நடந்ததை நிதானம் பிற்பாடு சொன்னார். அந்த ஸ்லைடில் நீல உருண்டை இல்லவே இல்லையாம். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கறுப்புப் பொட்டுகள்தான். அன்றைக்குக் கைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தாளே, அதைவிட மோசம். இது சற்று முன் எடுத்த புது ரத்தம், சாக்குச் சொல்ல வழியில்லை. அண்ணி எண்ணை மட்டும் சொன்னாள். இது அவர்தானே என்று கேட்டாள். நிதானம் தன் வழக்கப்படி நிதானமாகப் பார்த்துவிட்டு, இல்லம்மா, உன் வீட்டுக்காரர் நீ ரெண்டாவதா பாத்தது, அது தேவலைன்னு நீயே சொன்னியே, நேத்தைவிட ஏறியிருக்கு என்றார். அப்படியானால் இது யார் என்று கேட்டாள். சொன்னார்.

கதவு திறந்தது. அண்ணி கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து என் முழங்காலைப் பிடித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"அது அவரோடது இல்லடி. நான் செத்தே போயிட்டேன். அவரோடது நல்லா இருக்கு, ஏறியிருக்கு. அது பக்கத்துக் கட்டிலோடது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஐயோ அண்ணி என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நான் சந்தோஷப்பட்டேன், இல்லை என்று சொன்னால் பொய். கட்டிக்கொண்ட பிறகுதான் என் இன்னொரு கை இன்னும் யார் மடியில் இருக்கிறது என்று உறைத்தது.

ரொட்டிக்கடை அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துக் கட்டில்னா எங்க தம்பிதான்," என்றார். "அவனுக்கு என்னம்மா?"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.  பிறகு அவள் பார்வை என்னையும் அந்த அக்காவையும் விட்டு லேப் பக்கம் திரும்பியது. அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்தால் பார்த்தவர்தான் அந்த நிமிஷமே வார்டுக்கு போன் போட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். தன்னுடைய ஆயுசில் அதை ஒருமுறைகூட அவள் தாமதித்ததில்லை. அன்றைக்குப் பெயரைக் கேட்டாள், எழுந்தாள், என்னிடம் ஓடி வந்துவிட்டாள். அவள் போன் போட்டிருப்பாள் என்று நிதானம் உள்ளே நினைத்துக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. எழுந்து ஓடினாள்.

மேலே காலடிகள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ எதையோ தள்ளிக்கொண்டு போனார்கள், சக்கரம் கிறீச்சிட்டது. அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே இருந்தார். அவரிடம் எதையாவது சொல்ல வேண்டும் என்று தவித்தேன். அவர் மடியில் இருந்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தாள். டாக்டரிடம் சொல்லிவிட்டதாகவும், குழாய் போட ஏற்பாடு செய்கிறார்கள் என்றும் சொன்னாள். நேராக அக்காவைப் பார்த்துச் சொன்னாள். நின்றுகொண்டே இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க முதல்ல இங்க வந்தீங்களே," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் மாதிரிதான் இருந்தது. "அதுக்குள்ள லேட்டாயிடுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டரும் பிற்பாடு சொன்னார். அன்றைக்கு அந்த இடத்தில் நானாக இருந்தால் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன்.

"தெரியலக்கா," என்றாள் அண்ணி.

அக்கா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அண்ணி உட்கார்ந்தாள். அண்ணன் கண் விழித்து அவளைக் கேட்கிறான், லேப் ஆள் என்பதால் ஒரு நிமிஷம் உள்ளே வரலாம் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டபோதும் அவள் எழுந்து போகவில்லை.